டிஎன்பிஎஸ்சி பொது அறிவு: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

எங்கள் ஊர் நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் டிஎன்பிஎஸ்சி (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் குரூப் தேர்வுக்குப் படிக்கிறவர்களோடு உட்காருவது வழக்கம். நானும் இரண்டு முறை கோட்டைவிட்டு மூன்றாவது முறை தேறியவன்தான். புதிதாக வரும் தம்பி தங்கைகள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டதால் எழுதிவைத்துவிட்டேன்.

பொது அறிவுக்கு எத்தனை கேள்வி, எவ்வளவு மதிப்பெண்?

குரூப் 4 தேர்வில் மொத்தம் 200 கேள்விகள், 300 மதிப்பெண், 3 மணி நேரம். ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவு (கணக்கும் தர்க்கமும்) 25 என்று பிரியும். குரூப் 2 முதல்நிலைத் தேர்விலும் மொழி 100, பொது அறிவு 75, திறனறிவு 25 என்ற கணக்குத்தான், தரம் மட்டும் பட்டப்படிப்பு அளவுக்கு உயரும். குரூப் 1 முதல்நிலையில் மொழித்தாளே கிடையாது. பொது அறிவு 175, திறனறிவு 25.

குரூப் 4 எழுதுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. தமிழில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் உங்கள் பொது அறிவு விடைகளை யாரும் திருத்தவே மாட்டார்கள்.

அண்ணா, எங்கே தொடங்குவது? பாடத்திட்டத்தைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது.

எல்லா அலகுக்கும் ஒரே எடை இல்லை என்று தெரிந்தால் பாதி மலைப்பு போய்விடும். 2024 டிசம்பரில் வெளியான குரூப் 4 பாடத்திட்டத்தில் எந்த அலகுக்கு எத்தனை கேள்வி என்றே போட்டிருக்கிறார்கள். பொது அறிவியல் 5, புவியியல் 5, இந்திய வரலாறும் தேசிய இயக்கமும் 10, இந்திய ஆட்சியியல் 15, இந்தியப் பொருளாதாரமும் தமிழக வளர்ச்சி நிர்வாகமும் 20, தமிழக வரலாறு, மரபு, பண்பாடு, சமூக அரசியல் இயக்கங்கள் 20. கடைசி மூன்றைக் கூட்டிப் பாருங்கள், 75-ல் 55.

ஆனால் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை முதலில் எடுத்து, 'அளவீடுகள்' பாடத்தைக் கோடு போட்டுப் படித்து, இரண்டு மாதத்தில் ஒளியியல் வரைக்கும் வந்து, அதற்குள் அறிவிக்கை வந்துவிட்டதென்று பதறுகிறோம். முதல் முறை நான் தோற்ற கதை இதுதான். இப்போது யார் கேட்டாலும் பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் தொடங்கச் சொல்கிறேன். ஆங்கில ஆட்சிக்குத் தமிழகத்தில் எழுந்த தொடக்ககால எதிர்ப்புகள், தமிழகத்தில் விடுதலைப் போராட்டம், சமூக மாற்றங்கள், அரசியலமைப்பு, தமிழ்நாட்டுப் புவியியல் எல்லாம் அங்கேயே இருக்கின்றன. அதை முடித்துவிட்டு ஒன்பது, எட்டு என்று கீழே இறங்குங்கள். அப்புறம் பதினொன்று, பன்னிரண்டின் வரலாறு, அரசியல் அறிவியல், பொருளியல். பதினொன்றாம் வகுப்புப் பொருளியலில் தமிழ்நாட்டுப் பொருளாதாரத்துக்கென்றே ஒரு பாடம் உண்டு. அதை விடவே கூடாது.

பழைய சமச்சீர்ப் புத்தகமா, புதியதா?

2018-19 முதல் வந்த புதிய புத்தகங்களே முதன்மை. பழையதில் மட்டும் இருக்கும் செய்திகளிலிருந்தும் கேள்வி வரத்தான் செய்கிறது. ஆனால் அதற்காகக் கடை கடையாகத் தேடி அலைய வேண்டாம். புதியதை மூன்று முறை முடித்தபின் நேரம் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு பாடத்தைப் படித்தால் அன்றைக்குத் தெரிகிறது, வாரம் போனால் மறக்கிறது. எப்படித்தான் படிப்பது?

அலகு அலகாக வெட்டி வைத்துக்கொண்டு படிப்பதால்தான் மறக்கிறது. வினாத்தாளில் மட்டும்தான் வரலாறும் ஆட்சியியலும் தனித்தனி. உண்மையில் அவை ஒரே கதையின் துண்டுகள். ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் நான்கு அலகும் சேர்ந்து வரும். ஓர் எடுத்துக்காட்டு.

1916-ல் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் தோன்றுகிறது, மக்கள் வாயில் அது நீதிக்கட்சி. 1919 சட்டத்தின்படி இரட்டை ஆட்சி வருகிறது, 1920-ல் தேர்தல் நடக்கிறது, நீதிக்கட்சி மாகாணத்தில் ஆட்சி அமைக்கிறது. 1921-ல் வகுப்புவாரி பிரதிநிதித்துவ அரசாணை, அதாவது ஒவ்வொரு சமூகத்துக்கும் பங்கு ஒதுக்கும் ஆணை. சுப்பராயன் அமைச்சரவைக் காலத்தில்தான், அதாவது 1920-களின் கடைசியில், அது உண்மையாக நடைமுறைக்கு வருகிறது. இதுவரை தமிழக வரலாறு.

நாடு விடுதலை பெறுகிறது. 1950-ல் அரசியலமைப்பு. கல்லூரிச் சேர்க்கையில் இந்த அரசாணை தன்னைப் பாதிக்கிறது என்று செண்பகம் துரைராஜன் வழக்குப் போடுகிறார். 1951-ல் உச்ச நீதிமன்றம் அரசாணை செல்லாது என்கிறது, பிரிவு 29(2)-ஐக் காட்டி. தமிழகத்தில் போராட்டம் எழுகிறது. அதே ஆண்டு முதல் அரசியலமைப்புத் திருத்தம் வந்து, பிற்பட்டோருக்கு ஒதுக்கீடு தர வழிவிடும் 15(4) சேர்கிறது. இது ஆட்சியியல்.

1992-ல் இந்திரா சஹானி வழக்கில் இட ஒதுக்கீட்டுக்கு 50 விழுக்காடு உச்சவரம்பு. தமிழகத்திலோ 69 விழுக்காடு. 1993-ல் மாநிலச் சட்டம், 1994-ல் 76-ஆவது திருத்தம், சட்டம் ஒன்பதாவது அட்டவணைக்குள் போகிறது. நீதிமன்றத்தில் எளிதில் அடிபடாமல் சட்டங்களைக் காக்கும் பட்டியல் அது. அந்த ஒன்பதாவது அட்டவணையே எப்போது உண்டானது? மேலே சொன்ன அதே 1951 முதல் திருத்தத்தில்தான்.

இதை ஒரே பக்கத்தில் அம்புக்குறி போட்டு எழுதுங்கள். 1916, 1921, 1951, 15(4), 50, 69, 76 என்ற இந்த எண்கள் தனித்தனியாக இருந்தால் வாரத்தில் பறந்துவிடும். கதைக்குள் இருப்பதால் ஒன்றைத் தொட்டால் அடுத்தது வந்து நிற்கும். நான் இப்படி இருபது, இருபத்தைந்து பக்கம் வைத்திருந்தேன். குரூப் 1, 2 முதன்மைத் தேர்வில் கட்டுரையாக எழுதும்போதும் இந்தப் பக்கங்கள்தான் கைகொடுக்கும்.

ஆட்சியியலில் பிரிவு எண்கள் எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

எல்லாம் வேண்டாம். அடிப்படை உரிமைகள் (12 முதல் 35), வழிகாட்டும் நெறிமுறைகள் (36 முதல் 51), அடிப்படைக் கடமைகளைச் சொல்லும் 51ஏ, நிதிக்குழுவின் 280, பணியாளர் தேர்வாணையங்களின் 315, தேர்தல் ஆணையத்தின் 324, நெருக்கடி நிலையின் 352, 356, 360, திருத்தத்துக்கான 368. இவை போன்ற முப்பது, நாற்பது எண்கள் விரல்நுனியில் இருந்தால் போதும்.

திருத்தங்களில் அடிக்கடி தலைகாட்டுபவை: 42 (முகப்புரையில் சோசலிச, மதச்சார்பற்ற என்ற சொற்கள்), 44 (சொத்துரிமை அடிப்படை உரிமையிலிருந்து நீக்கம்), 61 (வாக்களிக்கும் வயது 21-லிருந்து 18), 73, 74 (ஊராட்சி, நகராட்சி), 86 (கல்வி உரிமை), 101 (ஜிஎஸ்டி), 103 (பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு 10 விழுக்காடு), 106 (மகளிர் ஒதுக்கீடு). 73-உம் 74-உம் 1992-ல் நிறைவேறி 1993-ல் நடைமுறைக்கு வந்தன. இரண்டு ஆண்டையும் விடைகளில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் குழப்புவார்கள். 'நிறைவேறியது', 'நடைமுறைக்கு வந்தது' என்ற சொல்லைப் பார்த்து நிதானியுங்கள்.

கூற்று, காரணம் கேள்விகளில் எப்போதும் தடுக்கி விழுகிறேன்.

இரண்டும் சரியா என்று பார்ப்பது எளிது. காரணம் அந்தக் கூற்றை விளக்குகிறதா என்பதில்தான் கண்ணி. வேலூர்ப் புரட்சியை வைத்தே பார்ப்போம்.

கூற்று: 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர்.
காரணம்: புதிய தலைப்பாகையும், சமயக் குறிகள் அணியக் கூடாது என்ற விதியும் அவர்களைக் கொதிக்க வைத்தன.

இரண்டுக்கும் நடுவே 'ஏனென்றால்' போட்டு வாசியுங்கள். 'சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர், ஏனென்றால் புதிய தலைப்பாகை…' ஒட்டுகிறது. இரண்டும் சரி, விளக்கமும் சரி.

இப்போது கூற்றை மட்டும் மாற்றுவோம். 'திப்பு சுல்தானின் பிள்ளைகள் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டிருந்தனர்.' இதுவும் உண்மைதான். காரணமும் உண்மை. ஆனால் 'பிள்ளைகள் கோட்டையில் இருந்தனர், ஏனென்றால் தலைப்பாகை…' என்று வாசித்தால் நமக்கே சிரிப்பு வரும். இரண்டும் சரி, விளக்கம் இல்லை. பரபரப்பில் இரண்டும் உண்மை என்றதும் முதல் வட்டத்தைக் கறுப்பாக்கிவிடுகிறோம். 'ஏனென்றால்' வைத்தியத்தைப் பத்து வினாத்தாளில் பழகினால் கை தானாக நிற்கும்.

பழைய வினாத்தாள்களை எப்போது எடுப்பது? எல்லாம் படித்து முடித்த பிறகா?

எல்லாம் படித்து முடிக்கிற நாள் வரவே வராது. ஒரு பாடம் முடிந்ததும் அந்தப் பாடத்திலிருந்து வந்த பழைய கேள்விகளைப் பாருங்கள். தேர்வாணையத்தின் இணையதளத்திலேயே வினாத்தாள்கள் கிடைக்கின்றன. விடையை மட்டும் பார்த்து நகராமல், தவறான மூன்று விடைகளும் எங்கிருந்து வந்தன என்று தேடுங்கள். இன்றைய தவறான விடை பல நேரம் அடுத்த தேர்வின் கேள்வி.

நடப்பு நிகழ்வுகளுக்கு எத்தனை மாதம் படிக்க வேண்டும்?

தேர்வுக்கு முந்தைய ஓராண்டை மேலோட்டமாகவும், கடைசி ஆறு மாதத்தை ஊன்றியும் பார்த்தால் போதும். தினமும் ஒரு தமிழ் நாளிதழ், முக்கால் மணி நேரம். விபத்து, கொலை, கட்சிச் சண்டை வேண்டாம். நியமனங்கள், விருதுகள், உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள், புதிய சட்டங்கள், தமிழக அரசின் அறிவிப்புகள் போதும். 'இன்றைய 50 வினா விடை' என்று டெலிகிராமில் ஓடும் கோப்புகளைச் சேர்த்துச் சேர்த்து ஒரு நண்பரின் கைப்பேசியே நிரம்பிப்போனது. திறந்து படித்தது நான்கோ ஐந்தோ.

நிகழ்வைப் பாடத்தோடு ஒட்டிப் படியுங்கள். நிதிக்குழு செய்தியில் வந்தால், 16-ஆவது நிதிக்குழுவின் தலைவர் அரவிந்த் பனகாரியா என்பதோடு நிற்காமல், பிரிவு 280, முதல் நிதிக்குழுவின் தலைவர் கே.சி. நியோகி என்று பின்னாலும் போய் வாருங்கள். கேள்வி பெரும்பாலும் பின்னாலிருந்துதான் வரும்.

வளர்ச்சி நிர்வாகத்துக்கு என்ன படிப்பது? திட்டங்களின் பட்டியல் முடிவில்லாமல் போகிறது.

துறைவாரிக் கொள்கை விளக்கக் குறிப்புகள், நிதிநிலை அறிக்கை உரை, மாநிலத் திட்டக் குழு 2025 மார்ச்சில் முதல்முறையாக வெளியிட்ட தமிழ்நாடு பொருளாதார ஆய்வறிக்கை. மூன்றும் இலவசமாகவே கிடைக்கும். முழுக்கப் படிக்க உட்காராதீர்கள், தூங்கிவிடுவீர்கள். பள்ளிக்கல்வி, சுகாதாரம், சமூக நலம், வேளாண்மை, ஊரக வளர்ச்சி ஆகிய ஐந்து துறைகளின் குறிப்புகளைப் புரட்டினால் போதும்.

இங்கேயும் பட்டியலை விட்டுக் கதையைப் பிடியுங்கள். பள்ளியில் சோறு போட்ட கதையைப் பாருங்கள். 1920-ல் தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் உணவு கொடுக்கத் தொடங்கியது. 1956-ல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம். 1982-ல் எம்ஜிஆர் ஆட்சியில் சத்துணவாக விரிந்தது. 1989-ல் கருணாநிதி ஆட்சியில் தட்டில் முட்டை வந்தது. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் காலை உணவுத் திட்டத்தை மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். செப்டம்பர் 15 அண்ணா பிறந்த நாள் என்பது நினைவிருந்தால் தேதி மறக்காது. மறு ஆண்டு அதே நாளில், அண்ணா பிறந்த காஞ்சிபுரத்திலேயே மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியது. தொகையும் பயனாளி வரம்பும் மாறக்கூடியவை. தேர்வுக்கு முந்தைய மாதம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கு என்றாலே பயம். திறனறிவை விட்டுவிடலாமா?

25 கேள்வி, 37.5 மதிப்பெண். ஒரே மதிப்பெண்ணில் ஆயிரக்கணக்கானோர் நிற்கும் தேர்வில் இதை விட்டுக்கொடுப்பது, பந்தியில் உட்கார்ந்து சோற்றை மட்டும் வேண்டாம் என்பது போல. சூத்திரத்தை மனப்பாடம் செய்வதால்தான் பயம். 'ரூ. 10,000-க்கு 8 விழுக்காடு, 2 ஆண்டு, கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் வித்தியாசம் என்ன?' என்ற கேள்வியைப் பாருங்கள். முதல் ஆண்டு வட்டி 800. கூட்டுவட்டியில் அந்த 800-க்கும் இரண்டாம் ஆண்டு வட்டி உண்டு. 800-ல் 8 விழுக்காடு 64. விடை ரூ. 64, அவ்வளவுதான். அம்மா சீட்டுப் பிடிப்பவராக இருந்தால் அவரே சொல்லிவிடுவார்.

ஒரு வேலையை ஒருவர் 10 நாளிலும் இன்னொருவர் 15 நாளிலும் முடித்தால் இருவரும் சேர்ந்து எத்தனை நாள்? வேலையை 30 மூட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் நாளுக்கு 3 மூட்டை, மற்றவர் 2 மூட்டை. சேர்ந்தால் 5, ஆக 6 நாள். தினமும் இருபது நிமிடம், ஆறு முதல் பத்து வரையுள்ள கணக்குப் புத்தகங்கள். 20 சரியாக வந்தால் நல்ல நிலை.

அறிவியலும் புவியியலும்?

குரூப் 4-க்கு ஐந்தைந்து கேள்விதான், கடைசியில் பாருங்கள். அறிவியலில் உயிரியல் (வைட்டமின், நோய், இரத்தம்) குறைந்த உழைப்பில் நிறையத் தரும். புவியியலுக்கு ஒரு வெற்று வரைபடமும் பென்சிலும் போதும். காவிரியை வரைந்து பவானி, நொய்யல், அமராவதி எங்கே சேருகின்றன, முக்கொம்பில் கொள்ளிடம் எப்படிப் பிரிகிறது என்று நீங்களே ஒருமுறை கோடு போட்டால் பத்து முறை வாசித்ததற்குச் சமம்.

குரூப் 1-க்கு இந்தச் சலுகை இல்லை. 175 கேள்வியில் எல்லாம் வரும்.

தமிழ் வழியில் படித்தேன். வினாத்தாளின் சொல் புரியாமல் போகிறது.

உண்மையான சிக்கல் இது. ஒரே சொல்லைப் பழைய புத்தகம் ஒருவிதமாகவும் புதிய புத்தகம் ஒருவிதமாகவும் வினாத்தாள் இன்னொருவிதமாகவும் எழுதும். ஹேபியஸ் கார்பஸ் என்றால் ஆட்கொணர்வு என்று எல்லோருக்கும் தெரியும். மாண்டமஸ் வரும்போது கட்டளை, செயலுறுத்தும், இன்னும் என்னென்னவோ. கேள்வி இரு மொழியிலும் அச்சாகியிருக்கும். ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி என்று வினாத்தொகுப்பிலேயே போட்டிருக்கிறார்கள். அதனால் ஆட்சியியல், பொருளாதாரம் இரண்டிலும் கலைச்சொற்களை ஆங்கிலத்தோடு இணைத்து ஒரு சிறிய நோட்டில் எழுதிவையுங்கள். இருநூறு சொல் தேறும். அதற்குமேல் ஆங்கிலம் தேவைப்படாது.

பயிற்சி மையத்தில் சேராமல் முடியுமா?

முடியும். நான் ஒரு மையத்தில் பணம் கட்டி, கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பலகையே தெரியாமல் நான்கு மாதம் ஓட்டினேன். அவர்கள் தந்த நோட்டு, பள்ளிப் புத்தகத்தின் சுருக்கம். மாதிரித் தேர்வுகள் மட்டும் உதவின, அவற்றுக்கு மட்டும் தனியாகச் சேரலாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் இலவசமாக நடக்கிறது. சென்னையில் இருப்பவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தோடு உட்கார்ந்து படிக்கத் தனிப் பகுதியே உண்டு. மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கிறது. வீட்டில் தனியாக இருந்தால் படிப்பு ஓடாது என்பவர்கள் மையத்துக்குப் போகலாம், அதுவும் ஒரு நியாயமான காரணம்தான்.

வேலைக்குப் போய்க்கொண்டே, அல்லது கைக்குழந்தையோடு?

ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரம் என்றால் ஓராண்டு வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் குழுவில் ஓர் அக்கா பாடங்களைத் தன் குரலிலேயே கைப்பேசியில் பதிந்து, சமையலின்போது ஓடவிடுவார். பின்னணியில் குக்கர் விசில் கேட்கும். இரண்டு ஆண்டு ஆயிற்று, இளநிலை உதவியாளர் ஆகிவிட்டார்.

யூபிஎஸ்சிக்கும் சேர்த்துப் படிக்கலாமா?

பாடம் ஒத்துப்போகும், கேள்வியின் குணம் ஒத்துப்போகாது. யூபிஎஸ்சி முதல்நிலைப் பொது அறிவுத்தாளில் 100 கேள்வி, 200 மதிப்பெண், தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவு. டிஎன்பிஎஸ்சியில் தவறான விடைக்குக் கழிவு இல்லை. அங்கே நிறுத்தப் பழக வேண்டும், இங்கே எழுதப் பழக வேண்டும். குரூப் 1-ஐக் குறிவைப்பவர்கள் இரண்டையும் சேர்த்து ஓட்டலாம். குரூப் 4-க்கு அது தேவையில்லாத சுமை.

தேர்வு அறையில் விடை தெரியாத கேள்வியை என்ன செய்வது?

நான்கு விடைகளுக்குப் பிறகு 'விடை தெரியவில்லை' என்று ஐந்தாவது வட்டம் இருக்கும். எதையும் வெறுமனே விடக் கூடாது என்பதற்காக வந்தது அது. கழிவு இல்லாதபோது அந்த ஐந்தாவதை ஏன் நிரப்ப வேண்டும்? ஒரு விடையையாவது தள்ள முடிந்தால் மிச்சத்தில் ஒன்றைத் துணிந்து நிரப்புங்கள். கருப்பு மை பந்துமுனைப் பேனா மட்டும்தான், இரண்டு எடுத்துப் போங்கள். கடைசியில் மொத்தமாக நிரப்பலாம் என்று வைத்திருந்து, மணி அடிக்கும்போது நாற்பது வட்டம் மிச்சம் வைத்தவன் நான். இரண்டாவது தோல்வி அப்படித்தான் வந்தது. பக்கத்துக்குப் பக்கம் நிரப்பிக்கொண்டே போங்கள்.

விடைக்குறிப்பில் தவறு இருந்தால்?

தேர்வு முடிந்து சில நாளில் தற்காலிக விடைக்குறிப்பு வரும். தேர்வு நாள் சாயங்காலமே யூடியூபில் வரும் விடைகளை வைத்து மதிப்பெண் கூட்டி அழாதீர்கள், ஐந்தாறு விடை மாறும். மறுப்புத் தெரிவிக்க இணையவழியில் குறுகிய அவகாசம் உண்டு. 'எனக்கு இதுதான் சரியென்று தோன்றுகிறது' என்பது எடுபடாது. எந்த வகுப்பு, எந்தப் பாடம், எந்தப் பக்கம் என்று பாடநூல் பக்கத்தின் படத்தோடு அனுப்புங்கள். அதற்காகவாவது தேர்வு முடிந்த கையோடு புத்தகங்களைப் பழைய பேப்பர்க்காரரிடம் போடாமல் இருங்கள்.